ஊனிய கால்

"சாட்சிக்கு யாரைப்பா வைக்கிறது?" என்று ஊர்ப்பெரியவர் திருமலைச்சாமி சித்தப்பா கேட்டதும், ஊர்க்கூட்டத்தில் இருந்த அத்தனை தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது. இத்தனைக்கும் நான் கூட்டத்தில் இல்லை. எங்கள் மன்னவனூரில் பெண்பிள்ளைகளுக்கு அங்கே இடம் கிடையாது. கல்கட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு கூடைப் பூண்டை விடிந்ததிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஆய்கிற ஒரே ஆள் ஊரில் நான்தான் என்பதும், அது எதற்காக என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"பிச்சையம்மாளை வைங்க. அவ கண்ணுல இருந்து ஒண்ணு தப்புனதாச் சரித்திரம் இல்ல" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. சித்தப்பாவும் சிரித்துவிட்டு, "அதுவும் சரிதான். அதுவும் போக அவ என் அண்ணன் மக" என்றார். சாட்சி தன் பக்கத்து ஆள் என்று அவருக்கு ஒரு திருப்தி.

விவகாரம் என் கொழுந்தன் நல்லசாமியைப் பற்றியது. என் வீட்டுக்காரருக்குச் சின்னையா மகன். வயது முப்பத்துநாலு. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் அப்படியே சூம்பிப்போய்விட்டது. மேலே இருக்கிற உடம்பு வளர்ந்ததே தவிர அந்தக் கால் மூன்று வயதிலேயே நின்றுகொண்டது. கம்பு இல்லாமல் எழுந்து நிற்க முடியாது. ஊரில் அவனை நல்லசாமி என்று யாரும் சொல்வதில்லை. "ஒத்தக்கால் எங்க போறான்?", "ஒத்தக்கால் வந்துட்டானா?" இவ்வளவுதான். நானும் அப்படித்தான் சொல்வேன். அவன் காதுபடவும் சொல்லியிருக்கிறேன்.

தைப்பூசத்துக்கு எங்கள் ஊர் ஆண்கள் காட்டுப்பாதையில் இறங்கி இரண்டு நாள் நடந்து பழனிக்குப் போவார்கள். அடிவாரத்து மண்டபத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, ஊர்ப்பெரியவர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுத் திருநீறும் வெற்றிலையும் கொடுப்பார். அப்படி ஒரு தடவை பேர் கூப்பிடப்பட்டவன்தான் தலைக்கட்டு. அதற்குப் பிறகு அவன் கூட்டத்தில் வாய் திறக்கலாம், அவன் காட்டுக்கென்று தனியாகத் தண்ணீர்முறை உண்டு. கூப்பிடப்படாதவன் தலை நரைத்தாலும் யாரோ ஒருவன் வீட்டில் ஒருத்தன்தான். நல்லசாமி அவன் தம்பி ஆண்டிச்சாமி வீட்டில் ஒருத்தனாக இருந்தான். போன கார்த்திகையில் ஓடையோரத்துப் பூண்டுக்காட்டை ஆண்டிச்சாமி தன் பேருக்கே ஒதுக்கிக்கொண்டபோது, சொல்லவேண்டியதைச் சொல்லக்கூட இவனுக்கு வாய் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் என்னோடுதான் நின்றான்.

இவனிடம் ஒரு சைக்கிள் இருந்தது. கொடைக்கானலில் ஒரு மிஷன் டீச்சரம்மா சீமைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. நடுவில் பார் இல்லாத பொம்பளை சைக்கிள். பார் இருந்தால் அவனால் காலைத் தூக்கிப் போட முடியாது. வலது பெடலில் தோல்வார் அடித்து, பாதத்தை அதில் மாட்டி, மிதிப்பதும் அந்தக் காலே, மேலே இழுப்பதும் அந்தக் காலே. இடது கால் சும்மா தொங்கும். மேலே ஆட்டுப் பண்ணை வந்த பிறகு பூம்பாறையிலிருந்து பண்ணைக்குத் தபால் பை கொண்டுவருகிற வேலை இவனுக்குக் கிடைத்தது. முதல் நாள் அந்தச் சைக்கிளில் அவன் வந்தபோது, "கொழுந்தனாரே, அதுக்குத் தோதா என் சேலை ஒண்ணு இருக்கு, தரட்டுமா?" என்று கேட்டேன். "கட்டி விடுறதா இருந்தாத் தாங்க மதினி" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கு ஊர் அந்தப் பேச்சைத்தான் பேசியது. பேச வைத்ததில் என் பங்கு கொஞ்சம் உண்டு.

அன்றைக்குக் கூட்டத்துக்கு வெளியே கம்பை ஊன்றி நின்றுகொண்டு அவன் சொன்னான். "இந்த வருசம் நானும் பழனிக்கு வாரேன் மாமா. என் பேரையும் கூப்புடணும்."

சித்தப்பா அவனைத் தலையிலிருந்து கம்பு வரைக்கும் பார்த்தார். "ஏலே, அது பாதயாத்திரை. நீ எதைக் கொண்டு நடப்ப?"

"சைக்கிள்ல வாரேன். பெடலை மிதிக்கிறதும் பாதந்தான?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சித்தப்பா சிரிக்கவில்லை. "உக்காந்து வாரவனுக்கு எதுக்கு ஊர்த் துண்ணூறு? அப்படிப் பாத்தா பஸ்ல வாரவன் பேரையும்ல கூப்புடணும்."

அதற்கும் அவன் யோசித்து வைத்திருந்தான். ஒரு வருஷத்துக்கு முன்னால் வத்தலக்குண்டுச் சந்தை மைதானத்தில் எந்த ஊர்க்காரனோ ஒருத்தன் ஏழு நாள் இறங்காமல் சைக்கிளில் வட்டம் சுற்றினானே, அதை இவன் போய் மூன்று நாள் பார்த்துக்கொண்டு நின்றான். குளிப்பது, தின்பது, சவரம் செய்வது எல்லாம் சைக்கிள் மேலேயே. கால் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது.

"நடக்குறவங்க வழியெல்லாம் காலை ஊனி வாரீங்க. நான் வழியெல்லாம் காலை ஊனாம வாரேன். இங்க ஏறுனா அடிவாரத்து மண்டபத்துலதான் எறங்குவேன். நடுவுல எங்கயும் கால் தரையில படாது. பட்டா என் பேரைக் கூப்புட வேணாம்."

பூம்பாறை, கொடைக்கானல், செண்பகனூர், காட் ரோடு, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனி. ரோட்டு வழியாகப் போனால் கிட்டத்தட்ட நூறு மைல். காட்டுப்பாதை இதில் கால்வாசிகூட வராது. நடக்க முடியாதவன் நடக்கிறவனைப்போல நாலு மடங்கு தூரம் கேட்கிறான்.

"எறங்காமன்னா, அந்தச் சோலிக்கு என்னலே செய்வ?" என்று ஒருத்தன் கேட்டான்.

"மரத்தைப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். சாட்சி அந்தப் பக்கம் திரும்பிக்கிடட்டும்."

சித்தப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். முடியாத காரியத்துக்குச் சம்மதிப்பதில் பெருந்தன்மைக்குப் பெருந்தன்மையும் ஆச்சு, நஷ்டமும் இல்லை. "சரி. ஆனா ஒரு தடவ ஊனினாலும் அங்கனயே வண்டியத் திருப்பி ஊரைப் பாத்து வந்துரணும்." நல்லசாமி சரி என்றான். அதற்குப் பிறகுதான் சாட்சிக் கேள்வி வந்தது, தலைகள் திரும்பின.

என்னை விட்டால் வேறு வழியும் இல்லை. வருஷாவருஷம் நடப்பவர்களுக்குச் சமைத்துப்போட அண்டா, அரிசி, பருப்போடு உருளைக்கிழங்கு லாரியில் போவது நானும் பொன்னுத்தாயும்தான். லாரி போவதும் அதே ரோடு. லாரிக்காரன் சேனாதிபதி வத்தலக்குண்டு ஆள். விஷயத்தைக் கேட்டதும், "யக்கா, இதுக்காகவே மெதுவா ஓட்டுறேன், நீங்க முன்னாடி ஏறுங்க" என்றான்.

நடப்பவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே இறங்கிவிட்டார்கள். நாங்கள் கிளம்பிய அன்று வெள்ளனே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. நல்லசாமி தலையில் துண்டைக் கட்டி, கழுத்தில் சுரைக்குடுக்கைத் தண்ணீரும் மடியில் கடலைமிட்டாயும் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து ஏறினான். கம்பை என்னிடம் கொடுத்தான். "பழனில வாங்கிக்கிடுறேன் மதினி." அவ்வளவுதான் பேச்சு.

நான் அவனை எத்தனையோ தடவை சைக்கிளில் பார்த்திருக்கிறேன். பார்த்தது எல்லாம் கேலி செய்வதற்காகப் பார்த்தது. அன்றைக்குத்தான் வேலையாகப் பார்த்தேன். பூம்பாறை ஏற்றத்தில் ஒரு மிதி, ஒரு இழு, ஒரு மிதி, ஒரு இழு. சைக்கிள் நிற்கப்போகிறது என்று தோன்றும்போது ஒரு முழம் நகரும். லாரி முதல் கியரில் முனகிக்கொண்டு பின்னாலேயே போனது. முன்சக்கரம் பாம்புமாதிரி இப்படியும் அப்படியும் நெளிந்தது. நெளிந்து நெளிந்துதான் அவன் ஏற்றத்தைப் படுக்கப்போட்டான். பொன்னுத்தாய் என் தொடையைக் கிள்ளி, "ஏத்தா, விழுந்துருவான் போல இருக்கே" என்றாள். "விழுந்தாச் சொல்லுறதுக்குத்தான வந்திருக்கேன், நீ கையை எடு" என்றேன்.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் செய்தி எப்படியோ எங்களுக்கு முன்னால் போயிருந்தது. ஒரு டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே ஓடினார். "குடிங்க சார், சாம்பியன், குடிங்க. ரெக்கார்டா சார்? எத்தனை டேஸ்?" நல்லசாமி ஒரு கையால் வாங்கிப் பாதியைக் குடித்து, பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டு கிளாஸைத் திருப்பிக் கொடுத்தான். முப்பத்துநாலு வருஷத்தில் அவனை சார் என்று ஒருத்தர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். செண்பகனூர் வரைக்கும் அவன் முதுகு ஒரு மாதிரி நிமிர்ந்தே இருந்தது. லாரியில் இருந்து பார்த்தாலே தெரிந்தது.

இறக்கம் சுலபம் என்று நினைத்திருந்தேன். காட் ரோட்டில் அவன் மிதிக்கவே இல்லை, பிரேக்கைப் பிடித்துப் பிடித்தே இறங்கினான். ரப்பர் தீய்கிற வாடை லாரிக்குள் வரைக்கும் அடித்தது. ஒரு வளைவில் மேலே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி, மலைச்சுவரில் தோளை உரசிக்கொண்டே இருபது அடி போனான். சட்டை கிழிந்து தோளில் ரத்தம். நான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, வலது கால் வாரில் இருக்கிறதா, இடது கால் தொங்குகிறதா என்று பார்த்தேன். முதலில் காலைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் ரத்தத்தைப் பார்த்தேன். சாட்சிக்காரியின் புத்தி அப்படி ஆகிப்போயிருந்தது.

வத்தலக்குண்டில் மூட்டை இறக்க ஒரு மணி நேரம் ஆனது. அவன் நிற்க முடியாது, போய்க்கொண்டே இருந்தான். அந்த ஒரு மணி நேரம் சாட்சி இல்லாத நேரம். அதை நான் சும்மா விடுவேனா? எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர்கள் ஆறு பேரை லாரியை நிறுத்தி விசாரித்தேன். பொம்பளை சைக்கிளில் ஒரு ஆள் போனாரா, கால் எங்கே இருந்தது, ஒரு கால் தொங்கியதா, இரண்டும் மேலே இருந்ததா? ஆறாவது ஆள், "அவரு கால் எங்க இருந்தா உனக்கு என்னம்மா?" என்று கேட்டார். ஊனியதாக ஒருத்தரும் சொல்லவில்லை. ஒருத்தர் மட்டும், புளியமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சைக்கிள் மேலேயே நின்ற ஒரு பைத்தியத்தைப் பார்த்ததாகச் சொன்னார். அதை நான் மேலே கேட்கவில்லை.

ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு ரயில்வே கேட்டில் அவனைப் பிடித்தோம். கேட் மூடியிருந்தது. அவன் ரோட்டின் அகலத்துக்குள் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தான். ரயில் வரக் காணோம். பழனிக்கு நடந்துவந்த கீழ்நாட்டு ஜனங்கள் காவடிகளை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "எத்தனை நாளா விடுறாரு?" என்று என்னிடம் ஒரு அம்மா கேட்டாள். "பொறந்ததுல இருந்து" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, கேலியாகத்தான் ஆரம்பித்தேன். நாற்பது சுற்றுவரை எண்ணினேன். அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. அவன் உதடு வெடித்து வாய் லேசாகத் திறந்திருந்தது. வலது தொடை தனியாகத் துடித்தது. ரயில் போய்க் கேட் தூக்கியதும், வட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்து நேராகக் கழன்று தண்டவாளத்தைத் தாண்டிப் போனான்.

ஆயக்குடியில் அது நடந்தது.

பழனி மலை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. வெயில் சாய்ந்து கோபுரத்தில் மட்டும் நின்றது. ரோடு முழுக்க ஜனம். லாரி ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் நத்தைபோலப் போனது. சேனாதிபதி மாட்டின் மேல் கண்ணாக இருந்தான். பொன்னுத்தாய் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். மேளம் அடித்து ஒரு கூட்டம் காவடி ஆடிக்கொண்டு வந்தது. அதில் ஒருத்தர் ஆடி ஆடிப் பின்னாலேயே வந்து, நல்லசாமியின் மேல் சாய்ந்தார். சைக்கிள் இடது பக்கம் சரிந்தது. வலது கால் வாரில் மாட்டியிருந்தது, எடுக்க முடியாது. பிடிக்க ஒன்றும் இல்லை. போச்சு என்று நினைத்தேன்.

இடது கால் ஊனியது.

அந்தச் சூம்பல் கால். மூன்று வயதுக் கால். தரையில் பாதம் முழுவதும் பதிந்து, முழங்கால் ஒரு தடவை நடுங்கி, நின்றது. சைக்கிளும் அவனும் அந்தக் காலின் மேல் நின்றார்கள். எவ்வளவு நேரம்? ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற நேரம் இருக்கும். காவடிக்காரர் விலகியதும் அவன் உந்தினான், சைக்கிள் நேரானது, ஒரு மிதி, ஒரு இழு.

பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தான். நேராக என்னை. பயந்து பார்த்ததாக இருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். எங்கள் வீட்டில் கன்றுக்குட்டி பிறந்து முதல் தடவை எழுந்து நிற்கும்போது என் வீட்டுக்காரர் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார், பார்த்தீர்களா என்பதுபோல. அப்படிப் பார்த்தான்.

அங்கிருந்து அடிவாரம் வரைக்கும் அவன் கம்பை மடியில் அணைத்துக்கொண்டே வந்தேன். எழுந்த பொன்னுத்தாய், "என்னத்தா, வாய் வலிக்குதா?" என்று கேட்டாள்.

மண்டபத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தாம்பாளத்தில் திருநீறும் வெற்றிலையும் தயாராக இருந்தன. நல்லசாமி சைக்கிளை மண்டபத்துத் தூணில் சாய்த்து, தூணைப் பிடித்தபடி மேலேயே உட்கார்ந்திருந்தான். இறங்கு என்று பெரியவர் சொல்லாமல் இறங்கமாட்டான். கிழிந்த சட்டை, காய்ந்த ரத்தம், தாடியெல்லாம் புழுதி. கேலி செய்தவர்களெல்லாம் எழுந்து வந்து சைக்கிளைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆண்டிச்சாமி மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

சித்தப்பா என்னைப் பார்த்தார். "சொல்லு பிச்சை. ஊனினானா?"

பிறர் வீட்டு விஷயத்தை யாரும் கேட்காமலே சொல்லுகிறவள் நான். அன்றைக்கு ஊரே உட்கார்ந்து கேட்டது. "ஊனல சித்தப்பா" என்றேன். என் வாயிலிருந்து வந்த முதல் பொய் அது இல்லை. ஆனால் யாருக்காகவோ சொன்ன முதல் பொய்.

மண்டபத்தில் ஒரு ஆரவாரம் கிளம்பியது. சித்தப்பா தாம்பாளத்தில் கை வைத்தார்.

"ஊனினேன் மாமா" என்றான் நல்லசாமி. "ஆயக்குடில. மதினி பாத்தாங்க."

ஆரவாரம் அப்படியே நின்றது. சித்தப்பா என்னைப் பார்க்க, நான் கையிலிருந்த அவன் கம்பைப் பார்த்தேன்.

"எந்தக் காலை ஊனின?"

"இந்தக் காலை." இடது தொடையைத் தட்டிக் காட்டினான்.

சித்தப்பாவின் முகம் தெளிந்தது. அவரும் மனுஷன்தான். நூறு மைல் வந்தவனைத் திருப்பி அனுப்பிய பேர் அவருக்கு எதற்கு? "அட, அதைப் போயி ஊனினேங்குறியே. அது கால்ல சேத்தியா? ஊர்ல யாரு வேணா சொல்லுவாக, உனக்கு ஒத்தக் காலுன்னு. அந்த ஒத்தக் கால் வாருலயே இருந்துச்சுல்ல? அப்ப ஊனல. அவ்வளவுதான். எறங்கி வாப்பா, பேரைக் கூப்புடுறேன்."

எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. எனக்கும்தான். என் பொய்கூடப் பாதி உண்மையாகிவிட்டதே. "சரியாச் சொன்னீக", "அதெல்லாம் கால்ல சேராதுப்பா" என்று நாலா பக்கமும் குரல். யாரோ அவனை இறக்கிவிடக் கை நீட்டினார்கள்.

அவன் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"சேத்தி மாமா" என்றான். சத்தம் போடவில்லை, ஆனால் கூட்டத்தில் பேசுகிறவன் குரலில் சொன்னான். "அது கால். என் கால். ஊனுச்சு, என்னையும் வண்டியையும் சேத்துத் தாங்குச்சு. அதைக் கால் இல்லேன்னு சொல்லித்தான் என் பேரைக் கூப்புடுவீகன்னா, கூப்புட வேணாம்."

"ஏலே, கிறுக்குத்தனமாப் பேசாத. உனக்காகத்தான் சொல்லுறேன்."

"எனக்காகன்னா அதைக் காலுன்னு சொல்லுங்க."

கால் என்று சொன்னால் ஊனியதாகிவிடும், ஊனியதானால் பேர் கிடையாது. கால் இல்லை என்றால் பேர் உண்டு, அவன் வாங்கமாட்டான். தாம்பாளம் சித்தப்பாவின் மடியில் கனத்தது. "பிடிவாதக்காரப் பய" என்று முனகினார். கடைசியில், யாரையும் பார்க்காமல், "கால்தான்லே. போதுமா?" என்றார்.

"போதும்" என்றான் நல்லசாமி. தூணிலிருந்து கையை எடுத்து, வலது பெடலை மிதித்து, சைக்கிளை வாசல் பக்கம் திருப்பினான்.

"எங்கலே போற?"

"ஊனினா வண்டியத் திருப்பி ஊருக்குப் போகணும்னு நீங்கதான சொன்னீக. போயிட்டு மறுபடி வாரேன். கொடி எறங்க இன்னும் நாலு நாள் கெடக்குல்ல."

யாரும் தடுக்கவில்லை, தடுக்க நேரமும் இல்லை. நான் கம்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். "ஏப்பா, ஒரு வாய் சாப்புட்டாவது போ." காதில் விழுந்ததோ என்னவோ. லாரியின் படியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த சேனாதிபதி எழுந்து, அவன் போன திசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் தெருவை அடைத்துக்கொண்டு வந்தார்கள். எல்லாம் மொட்டை. அப்போதுதான் மழித்துச் சந்தனம் பூசிய தலைகள், நூறு இருநூறு, அந்திவெயிலில் ஈரமாக, மஞ்சளாக ஆடிக்கொண்டு வந்தன. அந்த மஞ்சளுக்குள் ஒரு பொம்பளை சைக்கிள் எதிர்த்துப் போனது. மணியை அடித்துக்கொண்டே போனான். வழி கொடுத்தவர்கள் எதற்கென்று தெரியாமலே அரோகரா போட்டார்கள். நான் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே குனிந்து குனிந்து பார்த்தேன். எத்தனையோ வெறுங்கால்கள் தரையில் பதிந்து பதிந்து வந்தன. அவற்றுக்கு ஒரு சாண் மேலே, எதிலும் படாமல், அவன் இடது கால் போய்க்கொண்டிருந்தது.